மஞ்சள் நதி

கீழ் வகுப்புக்களிலே பூமிசாத்திரம் பயின்ற காலத்தில் ‘சீனத்தின் துயரம்’ என்னுந் தொடரை நாமெல்லாம் மனனஞ் செய்திருக்கின்றோம். தேசப்படத்தில் அந்நதியை வரையப் புகுந்து, வடக்கே அது வளையும் பெருவளைவிலே பென்சில் தடுமாறியதும் பலருக்கு நினைவிருக்கும். அத்துயரம் நதியால் விளைந்ததோ, மாந்தரால் விளைந்ததோ என்பதை அன்று நாம் வினவினோமில்லை. இன்று சற்றே ஆராய்வாம்.

சீனர் குவாங்கோ என வழங்கும் இந்நதி திபெத்து மேட்டுநிலத்தின் வடகீழ்ப் பாகத்திலே, பாயன்கார் மலைகளில் உற்பத்தியாகின்றது. நீளம் ஏறக்குறைய 5,464 கிலோமீற்றர். அந்நாட்டு நதிகளுள் நீளத்தால் யாங்சிக்கு அடுத்தது இதுவேயாயினும், நீரளவில் யாங்சியின் பதினைந்திலொரு பங்குக்குந் தேறாது. தலைப்பாகத்தில் இதன் நீர் தெளிவானது. லான்சோ நகரைக் கடந்து வடக்கே சென்று, ஓர்டோஸ் பாலையைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பும்போதுதான் இதற்கு மஞ்சள் நிறம் ஏறுகின்றது.

அந்நிறத்தைத் தருவது லோயஸ் என்னும் நுண்மண். வடமேற்கிலுள்ள பாலைகளினின்றும் காற்று பல்லாயிரம் நூற்றாண்டுகளாக வாரிக்கொணர்ந்து குவித்த புழுதியே அது. நூறு மீற்றருக்கு மேற்பட்ட தடிப்புடைய இடங்களும் உள. உலர்ந்தவிடத்து மக்கள் அதனைக் குடைந்து வீடாக்கி வாழ்வர். ஒரு கோடைப் பெருமழை பொழிந்தாலோ கரைந்தோடிவிடும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 160 கோடி தொன் மண்ணை இந்நதி சுமந்து சென்றது எனக் கணக்கிட்டுள்ளனர்.

இம்மண்ணே சீன நாகரிகத்திற்குத் தொட்டிலாயிற்று. மரக்கருவி கொண்டும் எளிதிற் கிளறத்தக்க, வளம்மிக்க அந்நிலத்தில் முதலில் விளைந்த தானியம் நெல்லன்று. நாம் நன்கறிந்த தினையே. நதிச் சமவெளியின் வடபாலுள்ள அன்யாங்கில் ஷாங் மன்னரின் தலைநகரும், எலும்பிலும் ஆமையோட்டிலும் பொறித்த ஆதிச் சீன எழுத்துக்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கிளையாறாகிய வேய் நதிப் பள்ளத்தாக்கிலே சாங்கான் என்னும் பெருநகர் எழுந்தது. கி.பி. 399இல் அந்நகரினின்றும் புறப்பட்ட பாகியான் என்னுந் துறவியே பின்னர் நம் இலங்கைக்கு வந்து ஈராண்டு தங்கியவர்.

இனித் துயரத்தின் காரணத்தைக் காண்போம். மலைகளை விட்டுச் சமவெளியை அடைந்ததும் ஆற்றின் வேகம் தணிகின்றது, தணியவே சுமந்த மண் அடியிற் படிகின்றது, படுக்கை உயர்கின்றது. வெள்ளத்துக்கு அஞ்சிய மக்கள் கரையை உயர்த்துவர். கரைக்குள் அடங்கிய ஆறு மண்ணை அங்கேயே இட்டு மீண்டும் உயரும். கரையும் மீண்டும் உயர்த்தப்படும். இவ்வாறு ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக நடந்தமையால், கைபெங் நகரின் அயலில் ஆற்றுப்படுக்கை சூழவுள்ள வயல்களிலும் பல மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. சமவெளியில் ஓரிரு சிற்றாறுகளையன்றி வேறெவையும் இதிற் கலப்பதில்லை. பள்ளத்திலுள்ள நீர் மேட்டிலுள்ள ஆற்றில் எங்ஙனம் சேரும்?

இத்தகைய ஆறு கரையை உடைத்தால் மீண்டும் தன் படுக்கைக்குத் திரும்புதல் அரிது. 1855ஆம் ஆண்டு உடைந்தபோது, ஷாண்டுங் தீபகற்பத்தின் தெற்கே கடலிற் கலந்துவந்த நதி அதன் வடக்கே போகாய்க் குடாவை நாடிச் சென்றது. 1887ஆம் ஆண்டு வெள்ளத்தில் மாண்டோர் ஒன்பது இலட்சத்துக்குக் குறையார் என்பர்.

இயற்கையின் செயலிலும் கொடியது 1938இல் நிகழ்ந்தது. முன்னேறிவந்த யப்பானியப் படையைத் தடுக்கும்பொருட்டு, சீனத் தேசிய அரசின் படையினரே செங்சோ நகரின் அருகே கரையை வெட்டினர். பகைவர் சில காலந் தாமதித்தனர். ஆனால் வெள்ளத்தாலும் பின்வந்த பஞ்சத்தாலும் நோயாலும் பல இலட்சம் குடியானவர் மாண்டனர். அவ்வுடைப்பு 1947இலேதான் அடைக்கப்பட்டது. இதனை நதியின் கணக்கிலே எழுதுதல் நீதியாகாது.

நதியை அடக்கும் வழிபற்றி இரு கொள்கைகள் நெடுங்காலம் பொருதன. ஆதியரசனான யூ, அணை கட்டித் தோற்ற தந்தையின் வழியை விட்டு, வாய்க்கால் வெட்டி நீருக்கு வழிவிட்டான் என்பது ஐதிகம். அப்பணியிலே தன் வீட்டு வாயிலை மும்முறை கடந்தும் உட்புகவில்லையாம். பதினாறாம் நூற்றாண்டினரான பான் ஜிசுன், ஆற்றை ஒடுக்கினால் அதன் வேகமே மண்ணை அரித்துச் செல்லும் என்றார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆனால் 1960இல் நீரைத் தேக்கிய சான்மென்சியா அணையை அமைத்தோர் மண்ணைப் போதியவாறு கருதினாரல்லர். சில ஆண்டுகளிலே நீர்த்தேக்கம் சேற்றால் தூர்ந்து, அணையின் அடியில் மதகுகள் திறக்கவேண்டியதாயிற்று. பின்னர் எழுந்த சியாவ்லாங்டி அணையினின்றும் 2002 முதல் நீரை வேண்டுமென்றே பெருக்கித் திறந்து, படிந்த மண்ணைக் கடலுக்குத் தள்ளுகின்றனர்.

வெள்ளத்துக்கு அஞ்சியிருந்த நாட்டில் வறட்சியும் தோன்றியது. பாசனத்துக்கு நீரை மிகுதியாக இறைத்தமையால், 1997இல் 226 நாட்கள் நதி கடலை அடையவேயில்லை. அதன்பின் நீர்ப்பங்கீடு ஒழுங்குசெய்யப்பட்டது. லோயஸ் மேட்டுநிலத்திலே படிமுறை வயல்கள் அமைத்து மரமும் புல்லும் வளர்த்தமையால் நதி சுமக்கும் மண் முன்னையதிற் சிறுபங்காகக் குறைந்துவிட்டது. மஞ்சள் நதி தெளியும்போது என்றால் ஒருபோதும் நடவாது என்று பொருள்படுவது சீனர் வழக்கு. இன்றோ நடுப்பாகத்தில் மழைக்காலமல்லாத மாதங்களில் நீர் தெளிந்தோடும் இடங்கள் உள. கழிமுகத்திலோ, புதுமண் போதாமையாற் சில கரைகளைக் கடல் அரித்துவருகின்றது.