பாத்துமாவின் ஆட்டை நண்பருக்கு எப்படிச் சொல்வது?



மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ நாவலைப் பற்றி எழுதப்போகிறீர்கள். புத்தக அறிமுகம் எழுதத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு அது நல்ல தேர்வு, கடினமான தேர்வும்கூட. மனத்துக்குப் பிடித்த நாவலை நண்பரிடம் சொல்ல உட்கார்ந்தால் கை தானாகக் கதைச்சுருக்கத்துக்குப் போகும். இல்லையென்றால் ‘அற்புதம், அவசியம் படியுங்கள்’ என்ற புகழ்ச்சிக்குப் போகும். இரண்டிலும் நண்பருக்குக் கிடைப்பது தகவல்தான், நீங்கள் அடைந்த சந்தோஷம் அல்ல. நாவலின் ஓர் இடத்தை அதன் சின்னச் சின்ன விவரங்களோடு நண்பர் முன்னால் வைத்துவிட்டு நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி.

இந்த நாவலின் கதையைச் சுருக்கிப் பாருங்கள். ஊர் ஊராக அலைந்த எழுத்தாளர் ஓய்வு தேடித் தலையோலப்பறம்பு வீட்டுக்கு வருகிறார். வீடு நிறைய ஆட்கள், குழந்தைகள், ஓயாத சத்தம். தங்கை பாத்துமாவின் ஆடு உள்ளே வந்து கண்டதையும் தின்கிறது. இதைக் கேட்டு யாரும் புத்தகக் கடைக்குப் போகமாட்டார்கள். இனி ஓர் இடத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள். ஆடு அறைக்குள் நுழைந்து ‘பால்யகால சகி’யைத் தின்கிறது. அடுத்து ‘சப்தங்கள்’. இரண்டும் பஷீர் எழுதியவை. இரண்டாவது, வெளிவந்த காலத்தில் கடுமையான கண்டனங்களை வாங்கிய நாவல். எழுதியவரோ ஆடு தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போர்வையில் வாய் வைத்ததும்தான் பதறி ஓடுகிறார். புத்தகத்துக்கு வேறு பிரதிகள் உண்டு, போர்வைக்கு இல்லை என்று ஆட்டிடமே முறையிடுகிறார். தன் எழுத்தை இவ்வளவு லேசாகப் பிடித்திருக்கும் மனிதரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று நண்பருக்குத் தோன்றும். அந்த ஆசையைக் கிளப்பிவிட்டால் போதும், உங்கள் வேலை முடிந்தது.

சுவையான இடத்தை மட்டும் காட்டினால் நாவலின் கனம் மறைந்துவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்னோர் இடத்தைப் பாருங்கள். ஆட்டுப்பாலை விற்று நாலு காசு பார்க்கலாம் என்று பாத்துமா கணக்குப் போட்டிருக்க, அவளுக்குத் தெரியாமல் வீட்டுப் பெண்களே பாலைக் கறந்துவிடுகிறார்கள். சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்புக்கு அடியிலேயே ஒரு குடும்பத்தின் வறுமை முழுதும் கிடக்கிறது. வறுமையைத் தனியாக எடுத்து நீங்கள் விளக்க வேண்டியதில்லை. இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் கனமும் கூடவே வரும்.

இன்னொரு சபலம் உண்டு. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 1954ஆம் ஆண்டில் பஷீர் இதை எழுதினார்; 1959இல், திருத்தி எழுதாமல் அப்படியே நூலாக வந்தது. முன்னுரையில் அவரே சொல்வதால் இது ரகசியமில்லை. ஆனால் அறிமுகத்தை இதிலிருந்து தொடங்காதீர்கள். தொடங்கினால் நண்பர் ஒரு நோயாளியின் நாவலைப் படிப்பார், இரக்கத்தோடு படிப்பார். அப்படிப் படிக்கிறவருக்கு ஆடும் போர்வையும் வேடிக்கையாகத் தெரியாது. இது உண்மையை மறைப்பதாகாது. நாவலை முதலில் அனுபவிக்கவிட்டு, மற்றதை அவரே தெரிந்துகொள்ள இடம் விடுகிறோம்.

‘இது வெறும் ரசனை, விமர்சனம் எங்கே?’ என்றும் சிலர் கேட்பார்கள். தாட்சண்யம் பார்க்காமல் தரம் பிரித்த விமர்சகர் க.நா.சு.வே ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பில் நூல் அறிமுகங்கள் எழுதினார். நண்பரிடம் கேட்கும் கேள்விதான் அந்தத் தலைப்பு. எத்தனையோ நாவல்களை ஒதுக்கிவிட்டு இந்த ஒன்றை எடுத்துக் கொடுக்கும்போதே உங்கள் தீர்ப்பு வெளிவந்துவிடுகிறது. நண்பருக்குப் பிடிக்காமல் போகலாம். அப்போது வாதாடாமல், எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார் என்று மட்டும் கேளுங்கள். நாவலைப் பற்றி நீங்கள் யோசிக்காத ஏதோ ஒன்று அங்கே இருக்கும்.

கடைசியாக ஒன்று. கட்டுரையில் மொழிபெயர்ப்பாளரின் பெயரை விட்டுவிடாதீர்கள். மலையாளம் அறியாத உங்கள் நண்பர் பஷீரோடு சேர்ந்து சிரிப்பது அவரால்தான்.