சுகத்திலும் நோயிலும்

பிரியமுள்ள இல்லறத்தாரே,

மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தைப் பெற்ற நாளில் நீங்கள் பீடத்தின்முன் நின்று, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். சுகத்திலும் நோயிலும் ஒருவருக்கொருவர் பிரமாணிக்கமாயிருப்போம் என்பது அந்த வாக்கில் ஒரு பகுதி. நோயில் பிரமாணிக்கம் என்பதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். புருஷன் படுக்கையில் விழுந்தால் மனைவி கண்விழித்துப் பணிவிடை செய்கிறாள். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தால் புருஷன் தாழ்வாரத்தில் பாயை விரித்துக்கொண்டு காத்திருக்கிறான். இதில் நம் பங்கு மக்களைக் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் சுகத்தில் பிரமாணிக்கம் என்றால் என்ன? அந்தச் சொல் நம்மிடம் எதையும் கேட்கவில்லை என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதுவும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. நோய் வந்தபின் துணையைப் பேணுவது அன்பு என்றால், நோய் வருமுன் துணையின் சுகத்தைக் காப்பதும் அன்பேயாம். இந்த வாரப் பாடம் அந்தக் கடமையைப் பற்றியது.

1. சரீரம் யாருடையது?

"என் உடம்பு, என் இஷ்டம்" என்று சொல்வது எளிது. அர்ச். சின்னப்பர் அதை ஒப்புக்கொள்வதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 6-ம் அதிகாரத்தில், நம் சரீரம் இஸ்பிரீத்து சாந்துவின் ஆலயம் என்றும், விலை கொடுத்து மீட்கப்பட்ட நாம் நமக்கே சொந்தமானவர்கள் அல்ல என்றும் போதிக்கிறார். 7-ம் அதிகாரத்தில் இல்லறத்தாரைப் பார்த்து இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். புருஷனுடைய சரீரத்தின்மேல் மனைவிக்கும், மனைவியுடைய சரீரத்தின்மேல் புருஷனுக்கும் உரிமை உண்டு என்கிறார். உரிமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டல்லவா? உங்கள் துணையின் உடல்நலம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். உங்கள் உடல்நலமோ உங்கள் துணைக்கும் பிள்ளைகளுக்கும் நீங்கள் செலுத்தவேண்டிய கடன்.

இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் 1992-ல் வெளியிட்ட திருச்சபையின் ஞானோபதேசம் இதை ஐந்தாம் கற்பனையின் கீழ் விளக்குகிறது. உயிரும் ஆரோக்கியமும் சர்வேசுரன் தந்த கொடை. அவற்றை நியாயமான முறையில் பேணவேண்டும். உணவு, மது, புகையிலை, மருந்து ஆகியவற்றில் அளவு மீறாமலிருப்பது மட்டசனம் என்னும் புண்ணியத்தைச் சேர்ந்தது. அதே ஞானோபதேசம் உடலையே தெய்வமாக்கி வணங்குவதையும் கண்டிக்கிறது. ஆகையால் நாம் பேசுவது கண்ணாடி முன் நின்று பார்க்கும் அழகைப் பற்றி அல்ல. கடமையைச் செய்ய வேண்டிய பலத்தைப் பற்றியது.

காரியம் அவசரமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு அந்நோய். நூற்றுக்கு 35 பேருக்கு இரத்த அழுத்தம். நம் கோவிலில் ஒரு வரிசையில் பத்துப்பேர் உட்கார்ந்தால், அவர்களில் மூவருக்கு இரத்த அழுத்தம் இருக்கக்கூடும்.

2. தனியாகச் செய்வது ஏன் தோற்றுப்போகிறது?

பல வீடுகளில் நடப்பது இதுதான். புருஷனுக்குச் சர்க்கரை இருப்பதாக வைத்தியர் சொல்கிறார். அன்று முதல் அடுப்பில் இரண்டு சமையல். அவருக்குக் கோதுமைக் கஞ்சி; மற்றவர்களுக்குப் பழையபடி சோறும் வறுவலும். அவர் தன் வீட்டுப் பந்தியிலேயே அந்நியரைப்போல் உட்காருகிறார். பத்து நாள் பொறுக்கிறார். பதினோராம் நாள் தெருமுனைக் கடையில் வடையும் இனிப்புக் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் வந்து பசியில்லை என்கிறார். மனைவியோ இரட்டைச் சமையலில் களைத்து, "உங்களுக்காகத்தானே இத்தனை பாடு" என்று எரிந்து விழுகிறாள். சர்க்கரையும் குறையவில்லை, சமாதானமும் போயிற்று.

வேறு வீடுகளில் ஒருவர் நோயாளி, மற்றவர் போலீஸ்காரர். தட்டில் விழும் ஒவ்வொரு கவளத்துக்கும் ஓர் எச்சரிக்கை. அதுவும் பிள்ளைகள் முன்னும் மாமியார் முன்னும். சகோதரனைத் திருத்த வேண்டுமானால் முதலில் தனிமையில் சொல்லும்படி சேசுநாதர் சுவாமி போதித்ததை நாம் கோவிலில் கேட்கிறோம், சாப்பாட்டு வேளையில் மறந்துவிடுகிறோம்.

இந்த இரண்டு வகை வீடுகளிலும் குறை ஒன்றே. இருவர் ஒரே சரீரமாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவருடைய சரீரம் மட்டும் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது. குறைந்த உப்பும் குறைந்த இனிப்பும் நோயாளிக்கு மட்டும் ஏற்ற உணவல்ல. அவை சுகமாயிருப்பவருக்கும் நல்லவை. ஆகவே ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, ஒரே பந்தி என்று குடும்பம் முழுவதும் மாறுவதே சுலபமான வழி.

3. சின்னப்பர் காட்டும் மூன்று அடையாளங்கள்

மேலே சொன்ன 7-ம் அதிகாரத்தில், தம்பதிகள் சிலகாலம் விலகியிருப்பதைப் பற்றி அப்போஸ்தலர் ஒரு ஒழுங்கு தருகிறார். அங்கே அவர் பேசுவது தாம்பத்தியத்தைப் பற்றி. ஆயினும் அவர் வைக்கும் மூன்று நிபந்தனைகள் இல்லறத்தார் மேற்கொள்ளும் எந்த ஒறுத்தலுக்கும் பொருந்தும். முதலாவது, இருவருடைய சம்மதம். இரண்டாவது, குறிப்பிட்ட காலம். மூன்றாவது, ஜெபம்.

சம்மதமில்லாத மாற்றம் கொடுமையாகும். காலக்கெடு இல்லாத மாற்றம் சலிப்பில் முடியும். ஜெபமில்லாத மாற்றம் வெறும் பிடிவாதமாகும், அல்லது பெருமையாகும். "இனி வாழ்நாள் முழுவதும் இனிப்பைத் தொடமாட்டேன்" என்று சபதம் செய்யவேண்டாம். "நான்கு வாரத்துக்கு இருவரும் காப்பியில் பாதிச் சர்க்கரை" என்று தீர்மானியுங்கள். நான்காம் வாரக் கடைசியில் மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.

4. வீட்டில் செய்யத்தக்கவை

உப்பு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்புப் போதுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் ஆகியவற்றிலுள்ள உப்பும் இதில் அடங்கும். உப்புப் பொட்டலம் வாங்கிய தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள்; அது எத்தனை நாளில் தீருகிறது என்று பாருங்கள்.

சர்க்கரை: அதே நிறுவனம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது சுமார் 6 தேக்கரண்டி, என்ற அளவுக்குள் நிற்பது நலம் என்கிறது. மூன்று வேளைக் காப்பிக்கு இரண்டிரண்டு கரண்டி போட்டால் அதுவே ஆறாகிவிட்டது. பிஸ்கட்டுக்கும் சர்பத்துக்கும் இடமெங்கே? வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை அல்ல. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்றவேண்டும்.

சோறு: சோறு பகையல்ல, சோறு மட்டுமே தட்டை நிறைப்பதுதான் கெடுதல். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது மீன் அல்லது முட்டை என்று வைத்துப் பாருங்கள். இதனால் சமையல் வேலை சிறிது கூடும். கீரை ஆயவும் காய் நறுக்கவும் ஆள் வேண்டும். அந்த வேலை புருஷனுக்கும் உரியது. மனைவியின் முதுகில் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு "நாங்கள் சேர்ந்து மாறினோம்" என்று சொல்வது நியாயமாகாது.

நடை: வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமாக நடப்பது நல்லது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகும். இராச் சாப்பாட்டுக்குப்பின் இருவரும் சேர்ந்து நடந்தால், சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையும் தணியும். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்ல ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டே போய், மீதி நேரத்தில் வீட்டுக் காரியங்களைப் பேசிக்கொண்டு திரும்புங்கள். பகல் முழுவதும் நாலு வார்த்தை பேச நேரமில்லாத தம்பதிகளுக்கு இது உடலுக்கு மட்டும் மருந்தல்ல.

குடியும் புகையும்: இங்கே "கொஞ்சம் குறைப்போம்" என்பது போதாது. எந்த அளவு மதுவும் உடலுக்குத் தீங்கற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிற்று. பீடியும் சிகரெட்டும் அப்படியே. புகையிலை சேராத பாக்கும்கூட புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்க்கப்பட்டுள்ளது.

உறக்கம்: இரவு ஜெபம் முடிந்தபின் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

5. தாய்மார்களுக்கும் அவர்கள் கணவர்களுக்கும்

எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பதே பத்தினித்தனம் என்று நம் பெண்கள் பழகிவிட்டார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. புருஷனுடைய சர்க்கரையைக் கண்காணிக்கிற மனைவியின் இரத்தத்தை யார் பரிசோதிக்கிறார்கள்?

சேசு பாலனின் அர்ச். தெரேசம்மாளின் பெற்றோரான லூயி, செலி தம்பதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிரான்சு தேசத்தில் அலான்சோன் நகரில் 1858 ஜூலை 13-ல் இவர்கள் விவாகம் நடந்தது. புருஷர் கடிகாரக்காரர், மனைவியார் லேஸ் பின்னும் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறுவயதில் பறிகொடுத்தார்கள். விவாகமான புதிதில் சகோதர சகோதரியைப்போல் வாழ்ந்துவந்தவர்கள், ஒரு குருவானவருடைய ஆலோசனையைக் கேட்டு, இருவரும் ஒத்துக்கொண்டு அந்த ஒழுங்கை மாற்றினார்கள். மனைவியாரின் வேலைப்பளு பெருகியபோது, லூயி 1870-ல் தம் கடையையே கைமாற்றிவிட்டு அவருக்குத் தோள் கொடுத்தார். சேர்ந்து மாறுவதென்றால் இதுவே.

ஆனால் அந்த வீட்டிலும் ஒரு துக்கம் உண்டு. மார்பில் ஒரு கட்டி இருப்பதைச் செலியம்மாள் 1865-லேயே தம் சகோதரருக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். வேலையும் பிள்ளைகளும் பிரசவங்களுமாய் வருஷங்கள் ஓடின. 1876 டிசம்பரில் வைத்தியர் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. 1877 ஆகஸ்டில் அவர் மரித்தபோது தெரேசம்மாளுக்கு வயது நான்கு. அக்காலத்து வைத்தியம் அவரைக் காப்பாற்றியிருக்குமோ என்பது வேறு. இன்று நமக்கு வைத்தியம் இருக்கிறது, தாமதிக்க நியாயமில்லை. திருச்சபை 2015-ல் இருவரையும் ஒன்றாகவே அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தது. அவர்களை மன்றாடுங்கள், ஆனால் இரத்தப் பரிசோதனைக்கும் புறப்படுங்கள், இருவருமாக, ஒரே நாளில்.

6. சில வினாக்கள்

வினா: உப்பும் இனிப்பும் குறைந்தால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்க மாட்டார்களா?

விடை: ஒரே நாளில் குறைத்தால் சுளிப்பார்கள். வாரத்துக்கு ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

வினா: ஒருசந்தியும் சுத்தபோசனமும் இதுவும் ஒன்றுதானா?

விடை: அல்ல. ஒருசந்தி பாவத்துக்குப் பரிகாரமாகவும் ஆத்துமத்தின் நன்மைக்காகவும் பிடிக்கப்படுவது. 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி 18 வயது நிரம்பியவர்கள் 60-ம் வயது தொடங்கும்வரை ஒருசந்திக்கும், 14 வயது நிரம்பிய யாவரும் சுத்தபோசனத்துக்கும் கட்டுப்பட்டவர்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடக்கக் கூடாது. நோயாளியைத் திருச்சபை வருத்துவதில்லை. அவர்கள் வேறு தபசு செய்யலாம்.

வினா: துணைவர் சம்மதிக்காவிட்டால்?

விடை: பிரசங்கம் செய்யாமல் உங்கள் பங்கை நீங்கள் தொடங்குங்கள். வார்த்தையால் இணங்காத புருஷனும் மனைவியின் நடத்தையால் இணங்கக்கூடும் என்று அர்ச். இராயப்பர் முதல் நிருபத்தில் எழுதுகிறார். புருஷர்களுக்கும் அதுவே வழி. ஆனால் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டுக்கு இந்த மௌனம் பொருந்தாது. அங்கே பொறுத்துக்கொண்டிருப்பது புண்ணியமல்ல. உடனே நம்பத்தக்கவர்களிடம் சொல்லிப் பாதுகாப்புத் தேடவேண்டும். நம் அறைக்கதவும் எந்நேரமும் தட்டலாம்.

7. இவ்வாரத் தீர்மானம்

இன்று பூசை முடிந்து வீடு சேர்ந்ததும் பத்து நிமிடம் இருவரும் உட்காருங்கள். "எனக்கு எது கஷ்டம்?" என்று ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். மேலே சொன்னவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு நான்கு வாரக் கெடு வையுங்கள். தவறிய நாளில் ஒருவரையொருவர் குற்றம் சாட்டாமல் மறுநாள் தொடருங்கள். ஒவ்வொரு நாளும் இரவு ஜெபத்தோடு, துணைவரின் சரீர சுகத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாசரேத்தூர் திருக்குடும்பத்தின் வேண்டுதலால் சர்வேசுரன் உங்கள் அடுப்பையும் பந்தியையும் ஆசீர்வதித்து, உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளைக் காணும் மட்டும் உங்களிருவரையும் சுகமாய்க் காப்பாற்றுவாராக.

உங்கள் பங்குக் குருவானவர்