பொதுச்சுவர் வீட்டைப் புதுப்பிக்க வரும் பிள்ளைகளுக்கு

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர், பாட்டன் வீட்டை இடிக்க மனம் வராமல், இதையே வசதியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் நெசவாளர் தெருக்களிலும், அரியலூர், பெரம்பலூரின் பழைய தெருக்களிலும், இடையில் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, கொல்லை என்று நீண்டு போகிற வீடுகள். காலமெல்லாம் கொத்தனார் கரண்டி பிடித்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. ஒரு வருடம் வீட்டைப் பாருங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் கரிசல் நிலம் நிறைய. சித்திரை வெயிலில் அது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊதும். பழைய ஆழமில்லாத கடைக்கால் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆகவே கோடையில் விரிசலைப் பார்த்துப் பயந்து பூசிவிடாதீர்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். மழை முடிந்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், அடைத்தால் போதும். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. முதலில் தாழ்வாரத் தண்ணீர் கடைக்காலில் இறங்காமல் வெளியே ஓட வழி செய்யுங்கள். பாதி விரிசல்களுக்கு அதுவே மருந்து.

2. மாடி வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மறைவான ஓரிடத்தில் பூச்சைப் பெயர்த்து, செங்கல் இடுக்கை ஆணியால் கீறிப் பாருங்கள். மேலே காரைப்பூச்சு பளபளக்கும். உள்ளே பல வீடுகளில் வெறும் மண் சாந்துதான் இருக்கும். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். ஓட்டையும் மரத்தையும் தாங்கக் கட்டிய சுவர் அதைச் சுமக்காது. அது சாய்ந்தால் பக்கத்து வீட்டையும் சேர்த்துச் சாய்க்கும்.

3. பழைய சுவருக்குச் சுண்ணாம்பு, புதிய சுவருக்கு சிமெண்ட். அரியலூர்க்காரர்களுக்கு இதை ஏற்பது கடினம். 1979 முதல் அரசு சிமெண்ட் ஆலையே நடக்கிற ஊர். சுற்றிலும் தனியார் ஆலைகள். சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் நம் மண்ணின் கீழே கிடக்கும் சுண்ணாம்புக்கல்தான் தாய். சுமார் 900 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு. களிமண் சேர்த்து 1,450 டிகிரி வரை சுட்டு, கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். ஆனால் சுவரில் இரண்டின் குணமும் வேறு. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். காரைப்பூச்சு வழியாக அது காற்றில் போய்விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரம் ஏறும். இடுப்பளவில் இருந்த ஓதம் தலையளவுக்கு வரும், உப்புப் பூக்கும், இரண்டு மூன்று மழைக்குள் பூச்சு செங்கலின் தோலையும் பிடுங்கிக்கொண்டு உதிரும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்குள் குறைந்தது இரண்டு வாரம் ஊறவிடுங்கள். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரையுங்கள். மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகிய பிறகு அடுத்தது. வெயில் படாமல் ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும். நாள் பிடிக்கும் வேலை. அவசரப்படுகிற ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

4. பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசுங்கள். பொதுச்சுவரில் புதிய உத்திரம் செருகுவதும், குழாய் புதைக்கக் காடி வெட்டுவதும் அவர்களுக்கும் சம்பந்தப்பட்ட வேலை. இரண்டு வீட்டுச் சுவர்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். குளியலறையைப் பொதுச்சுவரில் ஒட்டாதீர்கள். பின்னாளில் ஒரு குழாய் கசிந்தாலும் இரண்டு குடும்பத்துக்கும் பகை.

5. வீட்டைக் கொல்லைப்பக்கம் நீட்டுங்கள். சமையலறை, குளியலறை, வயதானவர்களுக்குத் தரைத்தளத்திலேயே ஒரு படுக்கையறை, எல்லாம் அங்கே வரட்டும். புதிய கட்டுக்குத் தனிக் கடைக்கால், தனித் தூண். கரிசல் தாண்டிக் கெட்டித்தரை வரும்வரை வானம் தோண்டுங்கள். தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாமல் மணலோ கிராவலோ போட்டு நிரப்புங்கள். பழைய சுவரோடு புதிய சுவரைப் பல் வைத்துப் பிணைக்கக் கூடாது. ஒரு அங்குல இடைவெளி விட்டு, மேலே தகடு போட்டு மூடுங்கள். புதியது இறங்கும்போது பழையதை இழுக்காது. வேலைக்கு முன் நகராட்சியிலோ ஊராட்சியிலோ வரைபட அனுமதி வாங்கிவிடுங்கள்.

6. முற்றத்தை மூடாதீர்கள். இருபுறமும் ஜன்னல் வைக்க முடியாத வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் வருகின்றன. குரங்குக்கும் திருட்டுக்கும் பயமென்றால் கம்பி வலை போடுங்கள். மழைக்குக் கண்ணாடிக் கூரை போட்டால், சுற்றிலும் ஒரு முழம் உயர்த்தி, சூடான காற்று வெளியேற இடம் விடுங்கள். 2003இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் வந்து விழும் முற்றம் அதற்கென்றே அமைந்த இடம்.

7. மெட்ராஸ் ஒட்டுக் கூரை ஒழுகினால் அதன்மேல் கான்கிரீட் கொட்டாதீர்கள். தேக்குச் சரங்களின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, மேலே தட்டு ஓடு பதித்த கூரை அது. பெரும்பாலும் கெடுவது தட்டு ஓட்டின் இடுக்குகளும், சுவருக்குள் போகிற சரத்தின் முனைகளும்தான். முனையை ஆணியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மக்கியிருக்கிறது. முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு சரமாக மாற்றுங்கள். நாட்டு ஓடு என்றால் எளிது: கரையான் தின்ற சட்டத்தை மாற்றி ஓட்டைத் திருப்பி மேய்ந்தால் போதும்.

8. மின்கம்பி முழுவதையும் மாற்றுங்கள். இதில் பழமை பார்க்க வேண்டாம்.

9. கதவு, தூண், நிலை எதையும் வியாபாரிக்கு விற்காதீர்கள். நம் பக்கம் ஏற்கெனவே நிறைய இழந்திருக்கிறோம். 1836இல் கீழணை கட்டக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துப் போனார்கள். ராஜேந்திர சோழன் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது, கட்டடத்தில் மிஞ்சியிருந்தது பெரும்பாலும் செங்கல் சுவர்களின் அடிப்பகுதியும் கூரை ஓட்டுத் துண்டுகளும்தான். பழைய செங்கலைக்கூட அடுக்கி வையுங்கள். பழுதுக்கு அதே அளவில் இன்று கிடைக்காது.

10. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. உங்கள் வீட்டு வேலைக்கு அப்படி ஒருவர் கிடைத்தால், ஊர் இளைஞர் ஒருவரைக் கூலி கொடுத்து அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். உங்கள் தெருவில் அடுத்த வீட்டுக்கும் ஆள் வேண்டும்.