தளர்மணலைப் பிணைக்கும் நுண்ணுயிர்கள்: மண் மேம்பாட்டில் கால்சைட் படிவு

திறவுச்சொற்கள்: மண் மேம்பாடு, யூரியேஸ், கால்சைட், தளர்மணல், அம்மோனியம்

முன்னுரை

1964ஆம் ஆண்டு ஜப்பானின் நீகாட்டா நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, அடுக்குமாடிக் கட்டடங்கள் சில உடையாமலே சாய்ந்தன. நீர் நிறைந்த தளர்மணல் அதிர்வால் வலிமை இழந்து நீர்மம்போல் ஆனதே அதற்குக் காரணம். இத்தகைய மணலை, மேலுள்ள கட்டடத்தைக் குலைக்காமல் இறுக்குவது எளிதன்று. இதற்கு நுண்ணுயிர்களைப் பயன்படுத்தும் முறையையும் அதன் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

படிவு உருவாகும் முறை

இம்முறையில் பெரிதும் பயன்படுவது ஸ்போரோசார்சினா பாஸ்டுரி என்னும் பாக்டீரியம். இதன் யூரியேஸ் நொதி, யூரியாவின் ஒவ்வொரு மூலக்கூறையும் சிதைத்து இரண்டு அம்மோனியம் அயனிகளையும் ஒரு கார்பனேட் அயனியையும் தருகிறது. உடன் செலுத்தப்படும் கால்சியம் குளோரைடிலுள்ள கால்சியம், அக்கார்பனேட்டுடன் கூடிக் கால்சைட் படிகமாகிறது. மணல்மணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் படியும் படிகங்களே அவற்றைப் பிணைக்கின்றன. சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று இறுகும்போது உருவாவதும் கால்சியம் கார்பனேட்டே. காற்று எட்டாத ஆழத்தில் கார்பனேட்டை நுண்ணுயிர் தருகிறது என்பதே வேறுபாடு.

பாக்டீரியம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் பருமனுடையது. மணலின் இடைவெளிகளில் அது நகரும். களிமண்ணின் நுண்துளைகளில் நுழைவது அரிது. ஆகவே இம்முறை மணற்பாங்கான நிலத்திற்கே ஏற்றது.

களநோக்கிய சோதனை

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் லியோன் வான் பாசன் குழுவினர் 100 கனமீட்டர் மணலில் நிகழ்த்திய சோதனையின் முடிவுகள் 2010இல் வெளியாயின. 16 நாள்களில் ஏறத்தாழ 40 கனமீட்டர் மணல் கல்போல் இறுகியது. எனினும் மாதிரிகளின் அமுக்க வலிமை 0.7 முதல் 12.4 மெகாபாஸ்கல் வரை வேறுபட்டது. கரைசல் பாய்ந்த வழியையொட்டியே படிவு அமைவதால் இவ்வேறுபாடு எழுகிறது. அடித்தளம் வடிவமைப்போர் சராசரி வலிமையை மட்டும் நம்ப இயலாது. மெலிந்த பகுதியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பக்கவிளைபொருள்

வேதிச் சமன்பாட்டின்படி 1 கிலோகிராம் கால்சைட் உருவாகும்போது ஏறத்தாழ 360 கிராம் அம்மோனியமும் உருவாகிறது. அது நிலத்தடி நீரில் தங்கினால் மாசாகும். எனவே அதனைக் கழுவி வெளியேற்றித் தூய்மைப்படுத்துவது இம்முறையின் பிரிக்கவியலாத பகுதியாகும்.

முடிவுரை

நுண்ணுயிரால் மணலைப் பிணைக்க முடியும் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. சீரான படிவும் அம்மோனிய நீக்கமுமே இனித் தீர்க்கப்பட வேண்டியவை. இவ்விரண்டின் செலவையும் சேர்த்து எடைபோடாமல், இயற்கை உயிரி பயன்படுகிறது என்பதை மட்டும் கொண்டு இதனைச் சூழலுக்கு உகந்தது எனக் கூறுதல் பொருந்தாது.