கண்ணாடி ஆப்பிளுக்குப் பிறகு

2018ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகையில் ஓர் ஆசிரியருக்கு விருது வழங்கப்பட்டது. அவர் பெயர் மேண்டி மேனிங். அப்போது வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரிலுள்ள உயர்நிலைப்பள்ளி ஒன்றில் கற்பித்தவர். அவருடைய மாணவர்கள் அகதிகளாகவும் குடியேறிகளாகவும் அண்மையில்தான் அந்நாட்டிற்கு வந்து சேர்ந்தவர்கள். குடியேற்றத்தைப் பற்றி நாடே சூடாக வாதிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. விருது பெறச் சென்ற மேனிங், அதிபர் டோனல்ட் டிரம்ப்பிடம் ஒரு கட்டுக் கடிதங்களைக் கொடுத்தார். எல்லாம் அவருடைய மாணவர்கள் எழுதியவை.

பாராட்டுப் பெறச் சென்ற இடத்தில் ஓர் ஆசிரியர் இப்படிச் செய்யலாமா? கற்பிப்பதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லையா? இந்தக் கேள்வி அமெரிக்காவில் புதியதன்று. அதற்கு விடை தேட, விருது பெற்ற ஆசிரியர்களே சேர்ந்து ஓர் அமைப்பை நடத்திவருகிறார்கள்.

முதலில் விருதைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அது 1952இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒன்றாம் வகுப்புக்குக் கற்பித்த ஜெரால்டின் ஜோன்ஸ் அதை முதன்முதலில் பெற்றார். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாநிலமும் தன் சிறந்த ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. அவர்களுள் ஒருவர் நாட்டின் சிறந்த ஆசிரியராக அறிவிக்கப்படுகிறார். ஆப்பிள் வடிவில் செய்த கண்ணாடிச் சிற்பம் ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைக்கும். பிறகு ஓராண்டுக் காலம் அவர் வகுப்பறையை விட்டு விலகி, நாடு முழுவதும் சென்று கல்வியைப் பற்றிப் பேசுவார்.

அந்த ஓராண்டு முடிந்த பிறகு? மேடைகளில் கேட்டதையும் கற்றதையும் என்ன செய்வது? இப்படி விருது பெற்றவர்கள் ஒன்றுகூடி 1980இல் உருவாக்கிய இலாப நோக்கற்ற அமைப்புதான் ‘நேஷனல் நெட்வொர்க் ஆஃப் ஸ்டேட் டீச்சர்ஸ் ஆஃப் தி இயர்’. தமிழில் ‘மாநில நல்லாசிரியர் தேசியக் கட்டமைப்பு’ என்று சொல்லலாம். ஆசிரியர்களின் அனுபவம் கல்விக் கொள்கையை வகுப்போரைச் சென்றடைய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

‘கல்விக் கொள்கை’ என்றதும் உங்களில் சிலர் அடுத்த பக்கத்தைத் திருப்ப நினைக்கலாம். சற்றுப் பொறுங்கள். நீங்கள் எந்த வயதில் எந்தத் தேர்வை எழுத வேண்டும், ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள் இருக்கலாம், எந்தப் பாடத்திற்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பவையெல்லாம் கொள்கைகளே. அவற்றை முடிவு செய்வோர் பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்பவர்கள். பாடநூல் தயாரிக்கும் எங்களுக்கும் இது தெரியும். மேசையில் பத்து நிமிடத்தில் முடியும் என்று நாங்கள் எண்ணிய பயிற்சி, வகுப்பில் ஒரு பாடவேளையையே விழுங்கிவிடுவதுண்டு. அதை எங்களுக்குச் சொல்லக்கூடியவர் ஆசிரியர்தான்.

அமெரிக்காவில் தேர்வுகளைப் பற்றிய வாக்குவாதம் நீண்டது. 2002இல் கையொப்பமான ஒரு சட்டத்தின்படி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லா மாணவர்களும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வெழுத வேண்டும். ஆனால், தேர்வுத்தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதை மாநிலங்களே முடிவு செய்தன. சில தாள்கள் கடினமாக இருந்தன. சில மிக எளிதாக இருந்தன. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களே பலவற்றில் நிறைந்திருந்தன. பின்னர், பல மாநிலங்கள் சேர்ந்து ‘பார்க்’, ‘ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு’ என்னும் இரண்டு புதிய தேர்வுகளை உருவாக்கின. மாணவர் தம் விடைக்குக் காரணம் காட்டி எழுத வேண்டிய வினாக்கள் அவற்றில் கூடுதலாக இடம்பெற்றன.

2015இல் நல்லாசிரியர் கட்டமைப்பு ஒரு வேலையைச் செய்தது. விருது பெற்ற ஆசிரியர்கள் சிலரை அழைத்து, சில மாநிலங்களின் பழைய தேர்வுகளையும் புதிய தேர்வுகளையும் அருகருகே வைத்து ஆராயச் சொன்னது. வினாக்கள் எதைச் சோதிக்கின்றன, மனப்பாடம் போதுமா, சிந்திக்க வேண்டுமா, அந்த வயது மாணவருக்கு அவை பொருந்துமா என்று அவர்கள் பார்த்தார்கள். புதிய தேர்வுகள் கடினமானவைதாம். ஆயினும் மாணவர்களின் வயதுக்கு ஏற்றவை. நல்ல ஆசிரியர் வகுப்பில் செய்வதோடு அவை கூடுதலாக ஒத்துப்போகின்றன என்பது அவர்களின் முடிவு.

அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்தது வேறு. புதிய பாடத் தரங்களை ஒட்டி அங்கு நடத்தப்பட்ட தேர்வுகளை ஏறத்தாழ ஐந்து மாணவர்களில் ஒருவர் எழுதவில்லை. தேர்வுகள் பிள்ளைகளை வாட்டுகின்றன என்று பெற்றோர் பலர் மறுத்துவிட்டார்கள். ஆசிரியர்களிலும் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களோடு தொடங்கிய ‘பார்க்’ கூட்டணியிலிருந்து மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலகின. சில ஆண்டுகளில் அது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

அப்படியென்றால் விருது பெற்றவர்கள் சொன்னது தவறா? அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. ‘இது நல்ல தேர்வா?’ என்பது அவர்களுக்கு முன்வைக்கப்பட்ட கேள்வி. ‘இத்தனை தேர்வுகள் தேவையா?’ என்பது பெற்றோரின் கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைத்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கும். மேலும், பல்லாயிரம் ஆசிரியர்களுள் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர், மற்ற அனைவருக்காகவும் பேச முடியுமா என்றும் கேட்கலாம். இத்தகைய அமைப்புகள் அறநிறுவனங்களின் நிதியைச் சார்ந்திருப்பவை. தேர்வு தயாரிக்கும் ஒரு பெரிய நிறுவனத்துடன் சேர்ந்தும் இக்கட்டமைப்பு அறிக்கை வெளியிட்டதுண்டு. ஆகவே, ஓர் அறிக்கையைப் படிக்கும்போது எழுதியவர் யார் என்பதோடு, செலவை ஏற்றவர் யார் என்றும் பார்ப்பது நல்லது.

கட்டமைப்பு வலியுறுத்திவரும் இன்னொரு கருத்துக்கு இவ்வளவு எதிர்ப்பு இல்லை. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில், நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் முப்பது ஆண்டுகளாகக் கற்பிப்பவரும் ஒரே பொறுப்பைத்தான் வகிக்கிறார்கள். மேலே உயர விரும்பும் ஆசிரியர் நிர்வாகத்துக்குப் போக வேண்டும். அதாவது, நன்றாகக் கற்பித்ததற்குப் பரிசாகக் கற்பிப்பதையே நிறுத்த வேண்டும்! வகுப்பறையில் இருந்துகொண்டே பிற ஆசிரியர்களுக்கு வழிகாட்டவும் கொள்கைக் குழுக்களில் பங்கேற்கவும் பதவிகள் வேண்டும் என்று கட்டமைப்பு கேட்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மூத்த ஆசிரியர்களைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

2015 டிசம்பரில் பழைய சட்டத்திற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. ஆண்டுத் தேர்வுகள் தொடர்ந்தன. ஆனால், மாநிலங்கள் தங்கள் கல்வித் திட்டத்தை வகுக்கும்போது ஆசிரியர்களையும் பெற்றோரையும் கலந்து பேச வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. கலந்து பேசுவது என்றால் கேட்பது மட்டும்தான். கேட்டபடி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேட்கப்படுவதோடு நிற்காமல், முடிவெடுக்கும் இடத்திற்கே சென்றவர் ஜஹானா ஹேய்ஸ். கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில், அரசாங்க வீடமைப்புப் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர். பதின்ம வயதிலேயே தாயானவர். படிப்பைத் தொடர்ந்து, அதே நகரில் வரலாற்று ஆசிரியரானார். 2016இல் நாட்டின் சிறந்த ஆசிரியர் விருது அவருக்குக் கிடைத்தது. 2018இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கனெக்டிகட்டிலிருந்து அங்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. வகுப்பறையில் இருந்துகொண்டே அந்தப் பணியைச் செய்ய முடியாது.

2019இல் விருது பெற்ற ரோட்னி ராபின்சன், வர்ஜீனியாவில் இளையர் தடுப்பு நிலையத்திலுள்ள பள்ளியில் கற்பித்தவர். அமெரிக்க ஆசிரியர்களில் கறுப்பின ஆண்கள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே என்பதை அவர் சென்ற இடமெல்லாம் எடுத்துச் சொன்னார். தங்களைப் போன்ற ஓர் ஆசிரியரை ஒருமுறைகூடக் காணாமல் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளை நினைத்தே அவர் அப்படிப் பேசினார்.

வகுப்பறையை விடாமல் இதைச் செய்ய விரும்பும் ஆசிரியருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாநிலச் சட்டமன்றக் குழுக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்களைப் பெரும்பாலும் வாரநாளில், பகல் நேரத்தில்தான் நடத்துகின்றன. காலை பத்து மணிக்கு அவர் அங்கே பேச வேண்டும். அதே பத்து மணிக்கு அவருடைய வகுப்பில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாளே பள்ளி முதல்வரிடம் அனுமதி கேட்டு, மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்து, பயிற்சித்தாள்களை எடுத்துவைத்துவிட்டுத்தான் அவர் புறப்பட வேண்டும்.