கோடை மழையும் செம்மறிக் குட்டிகளும்

பங்குனி, சித்திரை வெயிலைத் தாங்கி நின்ற செம்மறிக் குட்டி, முதற் கோடை மழை பெய்து சில நாட்களுக்குள் மாண்டுபோவதை நாம் கண்டிருக்கின்றோம். அதிலும், மெலிந்த குட்டி பிழைத்திருக்கக் கொழுத்த குட்டியே முதலில் விழுகின்றது. இதனை விதியென்று கூறி ஆறுதல் அடைவோர் உண்டு. இது விதியன்று, மேய்ச்சல் முறையில் நேரும் பிழை. அதனைத் திருத்தும் வழியை இங்கு ஆராய்வோம்.

கொறங்காட்டின் இயல்பு

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பகுதிகளில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். இந்தக் குறைந்த மழையைக் கொண்டே நம் முன்னோர் கொறங்காட்டை அமைத்தனர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம் என்பதே அதன் அமைப்பு. மேச்சேரி ஆடுகள் இத்தகைய மேய்ச்சலுக்கு ஏற்றவை. ஆயினும், காடு முழுவதையும் ஒரே வெளியாகத் திறந்துவிட்டால் கோடைக்குள் புல்லின் தூர் தேய்ந்துவிடும். காட்டை நான்கு பகுதிகளாகவேனும் தடுத்து, அவற்றுள் ஒன்றைத் தை மாதத்திலிருந்தே மூடிவைத்தல் நன்று.

வெயிற்காலப் பராமரிப்பு

காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் மேய்ப்பதே தக்கது. நடுப்பகலில் ஆடுகள் நிழலில் இருத்தல் வேண்டும். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் தேவை. பாலூட்டும் தாய்க்கு அதனினும் மிகுதியாக வேண்டும். தாய்க்குத் தண்ணீர் குறைந்தால் குட்டிக்குப் பால் குறையும். உதிரும் வெள்வேலங் காய்களைச் சேகரித்துத் தாயாடுகளுக்கு அளவோடு கொடுத்து வரலாம்.

முதல் மழைக்குப் பின்

மழை பெய்த சில நாட்களில் காடு பசுமையாகின்றது. பசித்திருந்த மந்தையை அன்றே உள்ளே விடுவது இயல்பு, ஆபத்தும் அதுவே. துள்ளுமாரி நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் ஆட்டின் குடலிலேயே சிறு அளவில் இருப்பது. வறண்ட தட்டைத் தின்றுவந்த ஆடு திடீரென இளம்புல்லை வயிறுமுட்டத் தின்னும்போது அது பெருகி நஞ்சை உண்டாக்குகின்றது. மிகுதியாகத் தின்பதும் மிகுதியாகப் பால் குடிப்பதும் நன்கு வளரும் குட்டியே. ஆதலால் அதுவே முதலில் துள்ளி விழுந்து மடிகின்றது. நோய் கண்டபின் மருத்துவத்திற்குப் பெரும்பாலும் நேரம் இராது. தடுப்பூசியே காப்பு. ஊசி போட்டபின் காப்பு உண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகுமாதலால், மழைக்கு முன்னரே போட்டுக்கொள்ளுதல் வேண்டும். முதன்முறை போடும் குட்டிக்கு மருத்துவர் குறிக்கும் நாளில் இரண்டாம் ஊசியும் தேவை. சினையாட்டிற்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டால், சீம்பாலின் வழியே குட்டிக்கும் காப்பு சேரும்.

அடுத்து வேண்டுவது பொறுமை. புல் ஒரு சாண் உயரம் வளரும்வரை காட்டைத் திறவாதிருத்தல் வேண்டும். இதற்கு ஏறத்தாழ 15 நாட்கள் ஆகும் என்று கொள்வோம். அதுவரை ஆடுகளைப் பட்டியையொட்டிய வெற்றிடத்தில் நிறுத்தி, தரையில் படாமல் தீவனம் இடுதல் வேண்டும். ஆடொன்றுக்கு நாளொன்றுக்கு 1 கிலோ உலர்தீவனம் என்றால், 20 ஆடுகளுக்கு 15 நாட்களில் 300 கிலோ ஆகின்றது. தை அறுவடையிலேயே சோளத்தட்டையும் கடலைக்கொடியையும் இதற்கென ஒதுக்கிவைக்கலாம். மழைக்குப்பின் தழைக்கும் இளஞ்சோளக் குருத்தில் நஞ்சு உண்டாகையால் அதனை மேயவிடலாகாது. காட்டைத் திறந்த பின்னும் முதல் சில நாட்கள் உலர்தீவனம் கொடுத்த பிறகு சிறிது நேரமே மேய்த்துப் பழக்குதல் வேண்டும்.

குடற்புழு

இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு கோடையில் ஆட்டின் வயிற்றில் தங்கியிருக்கும். மழை ஈரத்தில் புழுக்கையிலுள்ள முட்டைகள் பொரிந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் இளம்புழுக்கள் புல்லில் ஏறுகின்றன. அவை பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியிலேயே இருக்கும். எனவே நான்கு விரற்கடைக்குக் கீழே மேயவிடாமல், ஐந்தாறு நாட்களுக்கொருமுறை பகுதியை மாற்றுதல் வேண்டும். மழைநாட்களில் பனி உலர்ந்த பிறகே மேய்த்தல் நலம். கோடை முழுதும் ஆடு புகாத பகுதியில் வெயிலே பெரும்பாலான புழுக்களை அழித்துவிடும். அப்பகுதியில் குட்டிகளையும் தாய்களையும் முதலில் விட்டு, மற்ற ஆடுகளைப் பின்னர் விடுவது சிறந்தது.

கழிச்சல் இல்லாமலும் இந்நோய் இருக்கும். கண்ணின் கீழிமையைத் திருப்பிப் பார்த்தால் சிவப்புக்கு மாறாக வெளுப்பு தென்படும். தாடையின் கீழ் வீக்கமும் காணலாம். அத்தகைய ஆட்டிற்கு எடைக்கேற்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் கூறியவாறு கொடுத்தல் வேண்டும். எல்லா ஆட்டிற்கும் ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்தால் புழுக்கள் அம்மருந்துக்கு அடங்கா. சினை தொடங்கிய மாதத்தில் ஆகாத மருந்துகளும் உள்ளன.

வளர்ச்சியை அளத்தல்

பிறக்கும்போது 2½ கிலோ இருந்த குட்டி 90ஆம் நாளில் 10 கிலோ இருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 83 கிராம் ஏறியதாகக் கணக்காகின்றது. 15 நாட்களுக்கொருமுறை தொங்கு தராசில் நிறுத்துக் குறித்துவைத்தால், கண்ணுக்குத் தெரியுமுன்னரே குறை வெளிப்படும். எடை நின்றுபோனால் தாயின் பாலையும் குட்டியின் கண்ணிமையையும் உடனே நோக்குதல் வேண்டும்.

ஊராட்சியின் கடமை

தனியொருவர் ஊசி போட்டால் அவர் மந்தை தப்பும். ஊர் முழுதும் போட்டால் சந்தைக்குச் செல்லும் குட்டிகள் யாவும் தப்பும். ஊராட்சி உறுப்பினர்கள் மாசி மாதத்திலேயே கால்நடை மருந்தகத்துடன் கலந்து முகாம் நாளைக் குறிக்கலாம். பொதுத் தண்ணீர்த் தொட்டிகளைத் தூய்மை செய்து நிரப்பிவைக்கலாம். சேலம் மாவட்டம் பொட்டனேரியிலுள்ள மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு ஆடு வளர்ப்போரை அழைத்துச் சென்று காட்டலாம்.

வெயிலைக் கண்டு அஞ்சும் நாம் மழையைக் கண்டு மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சியில் அவசரம் வேண்டா. முன்னரே ஊசி, சேமித்த தட்டு, 15 நாள் பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால், கோடையைக் கடந்த குட்டி மழைக்காலத்தையும் கடந்து முழு எடையுடன் சந்தையை அடையும்.