மூளைக்காய்ச்சலும் அதன் கணக்கும்

சங்கங்களைத் தணிக்கை செய்யுங்கால், ஏட்டில் ஏறிய நூலின் கணக்கோடு நாம் நிற்பதில்லை. ஏறாமல் விடுபட்டதையும் தேடுகிறோம். நோயின் கணக்கிற்கும் இதுவே முறையாகும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1955-ல் வேலூரில் கண்டறியப்பட்டது. நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள், பன்றிகளிடமிருந்தும் கொக்கு, நாரை போன்ற பறவைகளிடமிருந்தும் இதன் வைரஸை மனிதருக்குக் கொணர்கின்றன.

வைரஸ் தொற்றியோரில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. ஆகவே, மருத்துவமனைப் பதிவேடு தொற்றின் முழு அளவைக் காட்டாது. கடும் நோயுற்றோரில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிலும் நூற்றுக்கு 30 முதல் 50 பேருக்குக் கை கால் முடக்கம், வலிப்பு, அறிவுக்குறை முதலியன நிலைத்துவிடுகின்றன. இறந்தோரை மட்டும் எண்ணினால், இக்குடும்பங்களின் சுமை கணக்கில் வாராது.

அறிகுறிகளைக் கொண்டு மட்டும் இதனைப் பிற மூளைக்காய்ச்சல்களினின்றும் பிரித்தறிய இயலாது. எனவே, திடீர்க் காய்ச்சலுடன் புத்தி தடுமாறியோ வலிப்புக் கண்டோ வருவோர் அனைவரையும் முதலில் பதிவு செய்கின்றனர். பின்னர் முதுகுத்தண்டு நீரையோ இரத்தத்தையோ சோதித்து முடிவு காண்கின்றனர்.

இக்கணக்கினால் விளையும் பயன் யாது? கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் 2005-ல் இந்நோய் பெருவாரியாகப் பரவியது. அதன் பின்னரே, 2006-ல், நோய் மிகுந்த மாவட்டங்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியது.

ஆதலின் அங்கத்தினர்களே, குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ கண்டால், கைவைத்தியத்தில் பொழுதைக் கழிக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அதனால் அக்குழந்தை பிழைக்க வழியுண்டு. ஏட்டில் ஏறும் அந்த ஒரு பதிவினால் ஊர்க் குழந்தைகளுக்கும் காப்புண்டு.